குன்னூர் எலிகளின் சாட்சியம்

பட்டணங்களில் இன்று ‘ஹோலிஸ்டிக் நியூட்ரிஷனிஸ்ட்’ என்று பலகை மாட்டிக்கொண்டு, வியாதி வந்தபின் மருந்து தேடுவதைக் காட்டிலும் மனிதன் உண்ணும் ஆகாரம் அனைத்தையும் ஒருசேர ஆராய்வதே வைத்தியத்தின் முதற்படி என்று போதிப்பவர்களின் தொகை பெருகியிருக்கிறது. தானியத்தைத் தீட்டாமல் உண்ண வேண்டும், பயறு வகைகளை முளைகட்டிச் சாப்பிட வேண்டும், குடல் கெட்டால் சர்வாங்கமும் கெடும், மண்ணுக்கு இடும் எருவே கடைசியில் மனிதனுடைய ரத்தமாக முடிகிறது என்பன இவர்களுடைய உபதேசங்களில் முக்கியமானவை. இவற்றுக்கு மூலம் எது என்று விசாரித்தால், சிலர் சரகரையும் சித்தர்களையும் கைகாட்டுவார்கள். சிலர் ஹிமாலயத்துக்கு அப்பால் நூறு வயதுக்கு மேல் வாழ்வதாகச் சொல்லப்படும் ஒரு மலைஜாதியாரைக் கைகாட்டுவார்கள். சரகரும் சித்தர்களும் ஆகாரத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மேற்சொன்ன உபதேசங்கள் இன்று வழங்கும் வடிவத்தில் எங்கே உருவாயின என்று ஒழுங்காகத் தடம் பிடித்துக்கொண்டு போனால், நீலகிரியின் குன்னூரில், வெறிநாய்க் கடிக்கு மருந்து செய்வதற்கென்று 1907-இல் ஏற்பட்ட பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஓர் அறைக்குத்தான் பெரும்பாலும் வந்து சேரவேண்டியிருக்கும்.

அந்த அறையில் வேலை செய்தவர் ராபர்ட் மக்கரிஸன் என்னும் ஐரிஷ்காரர். 1878-இல் பிறந்து, பெல்பாஸ்டில் வைத்தியம் பயின்று, இந்தியன் மெடிக்கல் சர்வீஸில் சேர்ந்து, 1901-இல் இந்தியாவுக்கு வந்த அவரை ராணுவ டாக்டராக எல்லைப்புறத்துச் சித்ராலுக்கும், பிறகு கில்கிட் ஏஜன்ஸிக்கும் அனுப்பினார்கள். சிப்பாய்களை மூன்று நாள் படுக்கையில் தள்ளி மூன்றாம் நாள் தானாகவே இறங்கிவிடுகிற ஒரு ஜுரத்தை மணல் ஈயோடு சம்பந்தப்படுத்திச் சொன்னது அவருடைய முதல் கீர்த்தி. அதைவிட விசேஷமான வேலை, கில்கிட்டில் வீட்டுக்கு வீடு காணப்பட்ட கழலை நோயைப் பற்றியது. ஒரே வாய்க்காலில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த கிராமங்களில், மேலே உள்ளதைக் காட்டிலும் கீழே உள்ளதில் கழலை அதிகம் என்பதைக் கவனித்த அவர், அந்தத் தண்ணீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய வண்டலைத் தாமும் குடித்து, இசைந்த சிலருக்கும் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சாத வண்டலைக் குடித்தவர்களில் சிலருக்கும், அவருக்குமே, கழுத்து வீங்கியது. காய்ச்சிய வண்டலைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. இதைக் கொண்டு கழலை ஒரு தொற்று நோயென்று அவர் நெடுங்காலம் சாதித்தது பிசகு. அயோடின் குறைவே அதற்குப் பிரதான காரணம் என்பது பின்னர் ஸ்திரப்பட்டுவிட்டது. எனினும், ஒரு சங்கதியை நம்புமுன் அதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கத் துணிகிற மனிதர் எத்தகையவர் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. பிற்காலத்தில் அவருடைய பெயரைச் சொல்லிப் பிழைத்தவர்கள் பலருக்கு இல்லாத குணம் அது.

கில்கிட் ஏஜன்ஸியைச் சேர்ந்த பள்ளத்தாக்குகளில் ஒன்றுதான் ஹுன்ஸா. அங்கே கோதுமையும், காய்கறியும், உலர்த்திய சர்க்கரை பாதாமியும், ஓரளவு பாலும் உண்டு, செங்குத்தான பாதைகளில் நாள்முழுதும் சளைக்காமல் நடந்து திரிந்த மக்களிடையே, நாகரிக தேசங்களில் மலிந்திருக்கும் வயிற்று ரோகங்களைத் தாம் காணவில்லை என்று மக்கரிஸன் 1921-இல் அமெரிக்காவில் நிகழ்த்திய ஒரு பிரசங்கத்தில் குறிப்பிட்டார். அந்தப் பிரசங்கத்தின் சாரம் குரங்குகளையும் புறாக்களையும் பற்றியது. ஹுன்ஸாவோ அதில் ஒரு திருஷ்டாந்தமாக மட்டுமே வந்தது. உலகம் குரங்குகளை மறந்துவிட்டு ஹுன்ஸாவைப் பிடித்துக்கொண்டது. 1938-இல் ரெஞ்ச் என்ற ஆங்கில டாக்டர் அதைப் பற்றியே ஒரு புஸ்தகம் எழுதினார். பத்தாண்டு கழித்து, அமெரிக்காவில் இயற்கை விவசாயப் பிரசாரகரான ரோடேல், ஹுன்ஸாவை நேரில் பாராமலே மற்றொரு புஸ்தகம் எழுதினார். இவற்றுக்குப் பின் அந்த மக்களின் ஆயுள் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போயிற்று. 1950 வாக்கில் அங்கே போய்த் தங்கி மருந்துச் சாலை நடத்திய ஜான் கிளார்க் என்ற அமெரிக்கரோ, மலேரியாவுக்கும் சீதபேதிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் கண்ணோய்க்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை செய்ததாக எழுதிவைத்திருக்கிறார். அவருடைய புஸ்தகத்தை ஆரோக்கியப் பிரசாரகர்கள் எடுத்துக்காட்டி நான் கேட்டதில்லை.

குன்னூருக்கு வருவோம். 1918-இல் மக்கரிஸன் அங்கே அமர்ந்தபோது அவர் தொடங்கிய வேலைக்குப் பெயர் பெரி-பெரி விசாரணை. கால் மரத்து, உடல் வீங்கி, கடைசியில் இருதயம் நின்றுவிடும் அந்த ரோகம் அரிசி உண்ணும் தேசங்களின் சாபமாக இருந்தது. ஜாவாத் தீவில் டச்சு டாக்டர் எய்க்மான், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்கு அதே போன்ற வாதம் கண்டதையும், தவிட்டைக் கொடுத்ததும் அவை எழுந்து நடந்ததையும் 1890-களிலேயே கண்டறிந்திருந்தார். தவிட்டில் இருக்கும் ஜீவசத்துக்கு வைட்டமின் என்ற பெயரும் 1912-இல் வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் ஒரு விநோதம் இருந்தது. சென்னை ராஜதானி முழுவதும் அரிசியே பிரதான ஆகாரமாக இருந்தும், பெரி-பெரி வடசர்க்கார் என்று சொல்லப்பட்ட தெலுங்குக் கடலோர ஜில்லாக்களில்தான் பெரிதும் காணப்பட்டது. தஞ்சாவூரிலும் மலையாளக் கரையிலும் அது அபூர்வம். காரணத்தை ஆராய்ந்தபோது, வடசர்க்காரில் யந்திரத்தில் தீட்டிய பச்சரிசியை உண்பதும், தெற்கே பெரும்பாலோர் புழுங்கலரிசி உண்பதுமே முக்கிய வேற்றுமையாகத் தெரியவந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் அடுத்துள்ள சத்து, அரிசியின் உட்புறத்துக்கு இறங்கி அங்கே பதிந்துவிடுகிறது. பின்னால் எந்த யந்திரம் எவ்வளவு தீட்டினாலும் அதை முழுவதும் உரித்தெடுக்க முடிவதில்லை. நம் பாட்டிமார் புழுங்கலை விரும்பியது நெல் குத்தும்போது நொய் விழாது, சோறு குழையாது, வயிற்றில் நின்று பசிதாங்கும் என்ற காரணங்களுக்காக இருந்திருக்கலாம். வைட்டமினை உத்தேசித்து அவர்கள் நெல்லை அவித்தார்கள் என்று பெருமை கொள்வதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. பலன் மட்டும் கிடைத்திருக்கிறது.

மக்கரிஸனுடைய மனம் ஒரு வியாதி, ஒரு வைட்டமின் என்ற கணக்கில் திருப்தி அடையவில்லை. அவரை மற்ற ஆராய்ச்சியாளர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுவே. காட்டில் பிடித்துவந்த குரங்குகளுக்கு ஜீவசத்து அழியும்படி ஆவியில் வேகவைத்த ஆகாரத்தைக் கொடுத்துக் கவனித்தபோது, சாஸ்திர புஸ்தகங்களில் வர்ணித்த வாதம் வருவதற்கு நெடுநாள் முன்பே அவற்றின் இரைப்பையும் குடலும் கெட்டு, பேதியும் அஜீரணமும் தோன்றுவதை அவர் கண்டார். அப்படியானால், பெயரிட்டுச் சொல்லக்கூடிய குறைவு நோய் எதுவும் இல்லாத கோடிக்கணக்கான மக்கள், சோகையாகவும், வயிற்று வலியாகவும், அடிக்கடி வரும் ஜுரமாகவும், வேலையில் நாட்டமில்லாத சோர்வாகவும் அனுபவிப்பதில் எவ்வளவு பங்கு அவர்களுடைய கலத்திலிருந்து வருகிறது என்ற கேள்வி எழுந்தது. 1921-இல் வெளிவந்த அவருடைய பெரிய கிரந்தம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. இரண்டு வருஷத்தில் சர்க்கார் செலவுச் சுருக்கத்துக்கென்று அமைந்த இஞ்ச்கேப் கமிட்டியின் கத்தரிக்கோல் குன்னூர் வரையிலும் நீண்டது, ஆராய்ச்சி நின்றுபோயிற்று. 1925-இல் அது மறுபடி உயிர்பெற்று, 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலை என்ற தனி ஸ்தாபனமாகி, அவரே அதற்கு முதல் டைரக்டரானார்.

இனி எலிகளின் கதை. ஆராய்ச்சிக்கென்று வளர்த்த வெள்ளெலிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு, பஞ்சாபிச் சீக்கியக் குடியானவனின் சாப்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தியில் வெண்ணெய் தடவி, முளைகட்டிய கடலையும், பச்சைக் காரட்டும் முட்டைக்கோசும், பாலும், வாரம் ஒருமுறை எலும்போடு சிறிது மாமிசமும் கொடுத்து வந்தார். கூண்டுகள் சுத்தம், வெயிலும் காற்றும் தாராளம். இரண்டேகால் வருஷ காலத்தில் இந்தக் கூட்டத்தின் வளர்ந்த எலிகளில் ஒன்றுகூட நோயில் மடியவில்லை. பிரேதப் பரிசோதனையிலும் சொல்லத்தக்க வியாதி தென்படவில்லை. அதே கட்டடத்தில், அதே சுத்தத்திலும் அதே வெயிலிலும், ஆகாரம் ஒன்று மட்டும் பலவிதமாகக் குறைவுபட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தால், நுரையீரலில் சீழ், மூத்திரப்பையில் கல், குடற்புண், கண்ணோய், தோல்நோய் என்று ஓர் ஆஸ்பத்திரியின் ரிஜிஸ்தரே எதிரில் விரிந்தது. ஆகாரத்தைத் தவிர மற்றெல்லாவற்றையும் சமமாக வைத்தது இந்தச் சோதனையின் பலம். உடம்பின் பாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதி, வியாதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கிருமி என்று தேடிக்கொண்டிருந்த காலத்தில், இத்தனை வியாதிக்கும் பொதுவான வாசல் ஒன்று உண்டு என்று இவ்வளவு பச்சையாகக் காட்டியவர் வேறொருவர் இல்லை.

இதைவிட அதிகமாகப் பேசப்பட்டது தேச ஆகாரங்களின் பந்தயம். சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், கூர்க்காக்கள், கன்னடர், வங்காளிகள், மதராஸிகள் ஆகியோரின் சாப்பாடு இன்னதென்று வகுத்து, ஒத்த வயதும் எடையுமுள்ள எலிக்குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஊட்டி வளர்த்தார். வளர்த்தியில் இப்போது சொன்ன வரிசையே கிடைத்தது; சீக்கிய எலிகள் முதல், மதராஸ் எலிகள் கடைசி. மதராஸ் எலிக்கு அவர் இட்டது கழுவிய தீட்டரிசி, பருப்பு, சொற்பக் காய்கறி, மிளகாய் மசாலைகள், எண்ணெய், தேங்காய், கொஞ்சம் மோர், கொஞ்சம் பால் விட்ட காப்பி. வெற்றிலைக்குத் துணையான பாக்கையும் மறந்துவிடவில்லை. எலிக்குக் காப்பி கொடுத்ததைப் படிக்கும் தமிழன் சிரிப்பான்; ஆனால் முடிவைப் பார்த்துச் சிரிக்க இடமில்லை. மரவள்ளிக் கிழங்கையே பெரிதும் நம்பி வாழ்ந்த திருவிதாங்கூர் ஏழைகளின் ஆகாரத்தைத் தின்ற எலிகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வயிற்றுப் புண் கண்டது. சீக்கிய ஆகாரம் தின்றவற்றில் ஒன்றுக்கும் இல்லை. தம்முடைய ஜாதியாரையும் அவர் தப்பவிடவில்லை. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை நிறைந்த தேநீர், டின்னில் அடைத்த மாமிசம், ஜாம், வேகவைத்துச் சாரமிழந்த காய்கறி என்று இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி உண்பதை ஒரு கூட்டத்துக்குக் கொடுத்தார். அவை குட்டையாகிச் சிடுசிடுத்து, பராமரிப்பவர்களைக் கடித்து, சுமார் அறுபதாம் நாளில் தங்களுக்குள் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தலைப்பட்டன. 1936-இல் லண்டனில் அவர் நிகழ்த்திய காண்டர் பிரசங்கங்களில் இந்தச் சங்கதியைக் கேட்ட சீமான்கள் என்ன நினைத்தார்களோ!

இந்தப் பந்தயத்தின் முடிவை அப்படியே ஒப்புக்கொள்வதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. சீக்கியன் என்று அவர் எடுத்துக்கொண்டது நிலமும் எருமையும் உள்ள குடியானவனை. மதராஸி என்று எடுத்துக்கொண்டதோ போதிய பாலுக்கு வழியில்லாதவனை. ஜாதிக்கும் பிரதேசத்துக்கும் உள்ள வேற்றுமையாக அவர் படம் எழுதிக் காட்டியதில் பெரும்பகுதி, பசுவுள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வேற்றுமைதான். இந்திய மக்களைப் போர்வீரக் குலங்கள், மற்றக் குலங்கள் என்று ராணுவத்தார் தரம் பிரித்துவந்த காலம் அது. ராணுவ உடுப்பில் இந்தியாவைக் கண்ட டாக்டருக்கு அந்த வரிசை இயற்கையாகவே பட்டிருக்கக் கூடும். விவசாய நிலைமையை விசாரிக்க வந்த ராயல் கமிஷன் முன் சாட்சியம் சொன்னபோது, குறைவான போஷணையே இந்தியத் தொழிலாளியின் திறமைக் குறைவுக்குப் பெரிய காரணம் என்று அவர் வாதித்தார். போஷணை ஏன் குறைந்தது என்ற கேள்விக்குள் புகவில்லை. பள்ளிக்கூடங்களுக்கென்று 1928-இல் அவர் எழுதிய சிறு புஸ்தகம், எதைச் சாப்பிட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுகிறது. வாங்குவதற்குக் காசு வேண்டும் என்ற பேச்சு அவருடைய சாஸ்திரத்தில் மெலிந்த குரலிலேயே ஒலிக்கிறது.

அவருடைய மற்றொரு முயற்சிக்குக் கோயம்புத்தூர் சம்பந்தம் உண்டு. அங்கே விவசாயக் கல்லூரி நிலங்களில் 1909 முதல் ஒரே பாத்திக்கு ஒரே வகை எரு இட்டுப் பயிர்செய்து வந்தார்கள். சர்க்கார் விவசாய ரஸாயனியான விஸ்வநாத் என்பவரோடு சேர்ந்து, தொழுவுரம் இட்ட பாத்தியில் விளைந்த தானியத்தையும், ரஸாயன உரம் இட்ட பாத்தியில் விளைந்ததையும் பிராணிகளுக்கு ஊட்டிப் பார்த்து, முன்னதே போஷணையில் மேம்பட்டது என்று 1926-இல் மக்கரிஸன் பிரசுரித்தார். இந்தூரில் கம்போஸ்டு எரு செய்யும் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹவார்டுக்கு இது பெரிய ஆயுதமாயிற்று. 1939 மார்ச்சில் இங்கிலாந்தில் செஷயர் ஜில்லா டாக்டர்கள் கூடி, தங்கள் நோயாளிகளின் துன்பத்தில் பெரும்பகுதி தவறான ஆகாரத்தின் விளைவு என்று அறிக்கை வெளியிட்டபோது, அந்த மேடையில் ஹவார்டும் மக்கரிஸனும் பேசினார்கள். மண், பயிர், பிராணி, மனிதன் என்று ஒரே சங்கிலியாகப் பேசும் இன்றைய வழக்கத்துக்கு இந்தக் கூட்டம் ஒரு கும்பாபிஷேகம் என்று சொல்லலாம். ஏதோ சில பாத்திகளில் கிடைத்த முடிவை உலகத்து வயல்கள் அனைத்துக்கும் நீட்டுவது நியாயந்தானா என்று விவசாய சாஸ்திரிகள் கேட்டார்கள். அந்தச் சர்ச்சை இன்றும் அடங்கியபாடில்லை.

1935-இல் மக்கரிஸன் ஊர் திரும்பியபின் குன்னூருக்கு வந்த வாலஸ் ஏக்ராய்டு வேறு மாதிரியான மனிதர். சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து, பொருளாதார நெருக்கடியில் ஜனங்கள் உண்டதைக் கணக்கெடுத்துப் பழகியவர். எலிக்கூண்டை மூடிவிடாமலே அவர் தராசை எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டார். வீட்டில் உலையில் போடுமுன் அரிசியையும் பருப்பையும் கீரையையும் நிறுத்துப் பார்த்து, ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறது என்பதைத் தென்னாட்டில் அவரும் அவருடைய உதவியாளர்களும் எழுதிவைத்தார்கள். அரிசியையே நம்பியிருந்த விடுதிப் பிள்ளைகளுக்குத் தினமும் ஆடை நீக்கிய பால் கொடுத்துப் பார்த்ததில், உயரமும் எடையும் கண்கூடாகக் கூடின. நூற்றுக்கணக்கான நம் நாட்டு ஆகாரப் பண்டங்களின் சத்தைத் தனித்தனியே அளந்து 1937-இல் அவர் வெளியிட்ட 23-ஆம் நம்பர் சுகாதார வெளியீடு, பல பதிப்புகளாகத் திருத்தம் பெற்று, ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் சிறைச்சாலைகளிலும் சாப்பாட்டுப் பட்டியல் போடுகிறவர்களுக்கு மூலநூலாக விளங்கியது. அரிசியைப் பலமுறை களைவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் எஞ்சிய சத்தும் போய்விடுகிறது என்று 1940-இல் அவரும் கிருஷ்ணன் முதலிய சகாக்களும் எழுதிய அரிசிப் பிரச்னை பற்றிய அறிக்கை எடுத்துக்காட்டியது. அதே காலத்தில், தஞ்சாவூரில் பிறந்த காந்தியவாதியான குமரப்பா, வார்தாவிலிருந்து கைக்குத்தல் அரிசிக்காகக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வாயிலாகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். இருவருக்கும் நோக்கம் வேறு, உலக்கை ஒன்றே. 1943-இன் வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனில் ஏக்ராய்டு அங்கத்தினராக இருந்தபோது, எந்த ஆகாரம் உத்தமம் என்ற விவாதம் அவருக்கு எவ்வளவு தூரத்து விஷயமாகத் தோன்றியிருக்க வேண்டும்!

சுதந்திரத்துக்குப் பின் ஆராய்ச்சிச் சாலை 1958-இல் குன்னூரை விட்டு ஹைதராபாத்துக்குப் போயிற்று. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்ற பெயர் பெற்றது. 1960 முதல் அதை நடத்திய டாக்டர் கோபாலன், பெரி-பெரி விசாரணை ஆரம்பித்த அதே 1918-இல் சேலத்தில் பிறந்தவர். சென்னை மெடிக்கல் காலேஜில் பயின்றவர். ஹைதராபாத்தைச் சுற்றிய தக்கணப் பீடபூமியில், தீட்டாத சோளத்தையே மூன்று வேளையும் உண்ட ஏழைகளுக்குத் தோல் கருத்து வெடிக்கும் பெல்லாக்ரா நோய் வருவதைக் கண்டு, சோளத்திலுள்ள லூசின் என்ற அம்சத்தை அதற்குக் காரணமாக அவரும் சகாவான ஸ்ரீகண்டியாவும் 1960-இல் எடுத்துச் சொன்னார்கள். அந்தக் காரணம் பிற்பாடு சர்ச்சைக்கு உள்ளானாலும், முழுத்தானியம் என்ற மந்திரத்தை மட்டும் ஜபித்துக்கொண்டிருப்பவர்கள் அந்த நோயாளிகளை நினைத்துப் பார்ப்பது நல்லது; அவர்களுடைய கலத்தில் குறைபட்டது தவிடு அன்று, சோளத்துக்குத் துணையாக வரவேண்டிய மற்றெல்லாம்.

அக்காலத்தில் உலகமெங்கும் பிள்ளைகளின் மெலிவுக்குப் புரதக் குறைவே காரணம் என்று சொல்லி, புரதப் பொடிகளும் புரத பிஸ்கோத்துகளும் தயாரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கோபாலனும் அவருடைய கூட்டத்தாரும் இதை ஒப்பவில்லை; ஏழைப் பிள்ளைக்கு இல்லாதது ஆகாரந்தான், அது போதுமான அளவு கிடைத்தால் புரதம் பெரும்பாலும் தானாகவே வந்து சேரும் என்றார்கள். 1973-இல் வெளிவந்த அவர்களுடைய சோதனையில், ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள ஏழைக் குழந்தைகளுக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கு மேற்பட்டு, நாளொன்றுக்கு 310 கலோரியும் மூன்றே கிராம் புரதமும் உள்ள ஓர் இனிப்புப் பண்டத்தைப் பதினான்கு மாதம் கொடுத்து வந்தார்கள். அது கோதுமை மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துச் செய்தது. எந்த ஆரோக்கிய ஆலோசகரின் பட்டியலிலும் விலக்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் முதலில் வரும் சரக்கு. அதைத் தின்ற பிள்ளைகள், தின்னாத பிள்ளைகளைவிட உயரத்திலும் எடையிலும் முந்திக்கொண்டார்கள்.